முதல் சூட்டில் எழுந்த மேடு

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி, ஆராய்ச்சி செய்யும் மகள். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை.

மகள் மடிக்கணினியில் ஒரு வரைபடக் கோட்டைக் காட்டினாள். உயிரணுவைப் போர்த்தியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் ஒரு குறிப்பிட்ட சூட்டில் விறைப்பை விட்டு இளகும். அந்த இடத்தில் கோடு மேடாக எழும். அவள் ஆய்வகத்தில் செய்த படலத்தில் அதற்கு முன்பே இன்னொரு சின்ன மேடு எழுந்தது. இதுவரை யாரும் காணாத அமைப்பு என்று கட்டுரை வந்தது. அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தினார்.

"அந்த மேடு பொய்ப்பா," என்றாள்.

படலம் செய்யக் காய்ந்த கொழுப்பில் ஊற்றும் தண்ணீர் அந்த இளகும் சூட்டைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். குறைந்தால் படலம் சரியாக உருவாகாமல் கட்டிகட்டியாக நிற்கும். அவளுடைய வெந்நீர்த் தொட்டியின் வெப்பமானி பதினைந்து டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது. ஆறு வருடம். இரண்டாம் முறை சூடாக்கினால் மேடு காணாமல் போவதையும் கண்டுபிடிப்பின் சிறப்பு என்றே எழுதியிருந்தாள். போன வாரம் தொட்டி பழுதாகி, பக்கத்து அறைத் தொட்டியில் செய்தபோது மேடே எழவில்லை.

"கொழுப்பப் பத்திப் படிக்க ஆறு வருஷமா? உங்கம்மா வாயில இருக்கிறதே போதுமேம்மா," என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

அப்பா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். காப்பியடித்ததற்காகச் சொந்தத் தங்கை மகனையே தேர்வறையிலிருந்து எழுப்பி அனுப்பியவர். இப்போது வந்த குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"நீ சொல்லாட்டி யாருக்கும்மா தெரியும்?"

"அத நம்பி வேற மூணு பேர் ஆராய்ச்சி ஆரம்பிச்சிருக்காங்கப்பா. அவங்க வருஷமும் என்னுது மாதிரியே போயிடும்."

"பட்டம் வாங்கிட்டு அப்புறம் சொல்லேன். குடும்ப மானத்தயும் கொஞ்சம் பாரு."

அவள் அவரையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். கோபம் இல்லை, ஒரு கணக்கின் விடை தவறு என்று தெரிந்துவிட்ட பிள்ளையின் முகம். மடிக்கணினியை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆய்வுக்கான காலம் முடிந்திருந்தது. மறுபடி தொடங்க இடமில்லை என்றார்கள். வயது முப்பத்திரண்டு. அவள் அறை பகலிலும் சாத்தியே கிடக்கிறது. வெளியே வைக்கும் தட்டு பாதி நாள் அப்படியே திரும்பி வருகிறது. அப்பா இரண்டு முறை கதவுவரை போனார், தட்டவில்லை.

உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. அளவைத் திருத்தி எழுதினாள், பிடிபட்டாள், விரட்டிவிட்டார்கள், அந்த நேர்மையான மனிதர் தலைகுனிந்தார் என்று. அது தவறு. அவளை யாரும் பிடிக்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவளே எழுதினாள். மறைக்கச் சொன்னவர் அப்பா.