நாச்சம்மாள் வராத நாள்

1

இந்தக் கதை ஒரு தூக்கத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மூணாறில் ஓர் இயற்பியல் கூட்டம். பாதி நேரம் சுகமாகத் தூங்கினேன். விழித்தபோது பேச்சாளர் சொல்லிக்கொண்டிருந்தார்: ஈயத்தின் அணுக்கருக்களை அசுர வேகத்தில் மோதவிட்டால், உள்ளே இருப்பது ஒரு கணம் உருகித் திரவம்போல ஒன்றாய்ப் பாய்கிறது. ஆனால் இரண்டு துகள்கள் சேர்ந்து போவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது அந்த இரண்டின் சொந்த உறவாக இருக்கலாம். அதைக் கழித்த பிறகும் எல்லாம் சேர்ந்து போனால்தான் அது பாய்வு.

அந்தக் 'கழித்த பிறகும்' அதற்கப்புறம் என்னைத் தூங்கவிடவில்லை.

2

சின்னக்கானல் மலைமேல் மஞ்சு இறங்கி... (வேண்டாம். பனிமூட்டம் இல்லாத தேயிலைக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

ஜிஸ்மி அந்த மோதல்களை ஆராய்கிறவள். அடுத்த மாதம் ஜெர்மனியில் வேலை. அவள் அம்மா சந்தனமேரி, தேய்ந்த முட்டியோடு சின்னக்கானலில் கொழுந்து எடுக்கிறாள். ஆளுக்கொரு செடிவரிசை; அதற்கு நிரை என்று பேர். நிரையில் பின்தங்குவது சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். இதுவரை படவில்லை. பக்கத்து நிரை நாச்சம்மாள் கைகொடுக்கிறாள் என்று ஜிஸ்மி நினைத்தாள். நாச்சம்மாளுக்கு இந்த மாதத்தோடு ஓய்வு.

"அப்புறம் ஒனக்கு யாரும்மா?"

"முட்டி என்னுது. நீ ஏன்ட்டி நொண்டுற?"

(நாச்சம்மாள் அளவுக்கு மீறி நல்லவளாகிக்கொண்டிருந்தாள். ஒரு கல்யாணத்தைச் சாக்கு வைத்துக் கம்பம்மெட்டுக்கு அனுப்பிவிட்டேன்.)

3

நாச்சம்மாள் வராத அந்தக் காலையில் ஜிஸ்மி மேல்ரோட்டில் நின்றாள். அம்மாவின் நிரைக்குள் யார் கை நீள்கிறது? ஒரு மணி நேரம் பார்த்தாள். யார் கையும் நீளவில்லை. அம்மா பின்தங்கவும் இல்லை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தற்செயலாக அடுத்த சரிவைப் பார்த்தாள். அங்கே இன்னொரு கூட்டம் பாதி மலை ஏறியிருந்தது. இங்கே அம்மாவோடு கொழுந்தெடுத்த பதினோரு பேரும் அம்மாவின் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் அர்த்தநாரி கீழிருந்து கத்தினார்: "என்ன, இன்னைக்கு எல்லாத்துக்கும் கால்வலியா?"

"ஆமா சார், எல்லாத்துக்குந்தான்" என்றாள் ஒருத்தி, திரும்பிப் பாராமல்.

ஜிஸ்மிக்கு அழுகை வந்துவிட்டது. இனி நிம்மதியாகப் போகலாம். ஆனால் அம்மாவுக்காக மெதுவாக நடக்கிறவர்களில் தான் ஒருத்தி இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: ஜிஸ்மி பஸ் ஏறுகிறாள். சந்தனமேரி கையை ஆட்டி

முடிவு இரண்டு: சரிவில் இறங்கி ஓடி, "அம்மா, நான் போ

இரண்டையும் அடித்துவிட்டேன். நானும் அப்படி ஒரு லயத்தில் பிறந்தவன்தான். என் அம்மாவுக்கும் கால்வலி இருந்தது, நான் போய்விட்டேன். என் கையில் விட்டால், ஜிஸ்மி போனதுதான் சரி என்று எழுதிவிடுவேன். அவள் இன்னும் மேல்ரோட்டில் நிற்கிறாள். நீங்களே ஏதாவது சொல்லுங்கள் அவளுக்கு.