பன்னிரண்டே கால் வெளிச்சம்

மாவு மில்லுக்குள் விழும் வெயிலைக் கையால் பிடித்துவிடலாம் போலிருக்கும். வெளியே வெயிலுக்கு உருவம் கிடையாது. எதன் மேல் விழுகிறதோ அதைத்தான் காட்டும். ஆனால் காற்றெல்லாம் மாவு பறக்கும் இடத்தில் கூரைத் தகரத்தில் ஒரே ஒரு ஆணி ஓட்டை இருந்தால் போதும். வெயில் வெள்ளைக் கம்பியாக இறங்கித் தரையில் ஊன்றி நிற்கும்.

ரூக்ஸாரின் மில்லில் அப்படி ஒரு கம்பி நின்றது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், வீட்டின் முன்பகுதிதான் மில். பதினைந்து வருடமாக அதை அவள் ஒருத்தியேதான் நடத்திவந்தாள். அந்தக் கம்பியை அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. அவளே மயங்கிக் கீழே விழும்வரை.

ஒரு தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த மறுவாரம் அது நடந்தது. ரூக்ஸாருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரை போட்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணி ஆகியும் சாப்பிடவில்லை. மாத்திரைக்கு அதெல்லாம் தெரியாது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைக் குறைப்பதுதான் அதன் வேலை. சாப்பிட்டாலும் குறைக்கும், சாப்பிடாவிட்டாலும் குறைக்கும். கோதுமையைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கண் இருண்டது. அரைக்க வந்திருந்த வெள்ளையம்மாள்தான் பாய்ந்து போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மிஷின் நின்றபோது ரூக்ஸாரின் முந்தானை, ஓடுகிற பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

"இன்னொரு தடவ இப்டி ஆச்சுன்னா மில்ல வாடகைக்கு வுட்டுடலாம்" என்றான் அவள் கணவன் ஜானி பாஷா. அவன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். "செக்கெண்ணெ கட சக்கரவர்த்தி எடம் கேட்டுக்கினே இருக்கான்."

"இனிமே டயத்துக்குச் சாப்புடுவேங்க. சத்தியமா."

"இத எத்தினி வாட்டி கேட்டுட்டேன்!"

அவன் சொன்னது நிஜம். தினமும் நடப்பேன் என்றிருக்கிறாள், டீயில் சர்க்கரையைத் தொடமாட்டேன் என்றிருக்கிறாள், வேளைக்குச் சாப்பிடுவேன் என்று நூறு முறையாவது சொல்லியிருக்கிறாள். மற்றவர்களுக்குக் கொடுத்த வார்த்தையை அவள் தவறியதே இல்லை. நாளைக் காலைக்குள் மாவு ரெடி என்றால் ரெடிதான். தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் வார்த்தைதான் தங்காது. தனக்குள் இருக்கும் அந்த வாடிக்கைக்காரியை அவள் எப்போதும் "அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

அன்றிரவு அவளுக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. சாப்பிடுவேன் என்று சொல்லிக்கொள்ளவே வேண்டாம். அது பெரிய வார்த்தை. பன்னிரண்டே காலுக்கு போனில் அலாரம் அடித்தால் மிஷினை நிறுத்துவேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் நடப்பது நடக்கட்டும்.

மறுநாள் அலாரம் அடித்தது. நிறுத்தினாள். பெல்ட்டின் இரைச்சல் அடங்கியதும் வந்த நிசப்தத்தில், வாசல் பக்கமாகத் தரையில் ஒரு வெளிச்ச வட்டத்தைப் பார்த்தாள். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது. ஓட்டை என்னவோ கோணல் மாணலாகக் கிழிந்த ஓட்டைதான். விழுந்ததோ அச்சில் வார்த்தது போன்ற வட்டம். அது ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம். சிறிய ஓட்டை வழியே வரும் வெளிச்சம், தான் புறப்பட்ட இடத்தின் படத்தையே சுமந்துகொண்டு வந்து போடும். ரூக்ஸாருக்கு அது தெரியாது. அழகாக இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு நிறுத்தினேன் என்பதற்கு அடையாளம் வேண்டுமே என்று மகள் உஸ்மாவின் சிவப்பு நகப்பாலிஷை எடுத்து வந்து, மண்டியிட்டு, வட்டத்தின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள்.

மண்டியிட்டது மண்டியிட்டாயிற்று. கைக்கெட்டும் தூரத்தில் டிபன் பாக்ஸ் இருந்தது. மிஷினும் நின்றிருந்தது. சாப்பிட்டாள்.

மறுநாள் வட்டம் பொட்டின் மேல் விழவில்லை. அரை நாணயம் உள்ளே தள்ளி விழுந்தது. அங்கே இன்னொரு பொட்டு. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் உள்ளே. அலாரத்துக்கு ஒரு நிமிடம் தாமதித்தால்கூட வட்டம் கிழக்கே நழுவிவிடுவதைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தால் நகர்வதே தெரிந்தது. நின்றுபோன மில்லில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா பாயம்மா, கோலம் போட ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள். "புள்ளிய வெச்சிட்டு இழையக் காணோம்?"

"புள்ளி வெக்கிறதுதான் என் வேல. இழைய மேல இருக்கறவன் போட்டுக்குவான்."

"நல்லா சொன்ன போ. என் அரிசிய மொதல்ல அர."

"சாப்ட்டுட்டு."

அந்த ஒரு சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். நோன்பு மாதம் வந்தது. நோன்பு கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தலை குனிந்தபடி சாப்பிட்டாள்; பொட்டும் வைத்தாள். சித்திரையில் வெளிச்சம் ஓட்டைக்கு நேர் கீழே வந்து, அதையும் தாண்டி, மிஷினைப் பார்த்துப் போனது. ஆனியில் தயங்கி நின்றது. நாளுக்கு நாள் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சிவப்பு மொத்தையாகத் திரண்டன. பிறகு திரும்பியது.

"தட்சிணாயனம், அம்மி" என்று அம்மாவிடம் சொன்னாள் உஸ்மா. கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவள். "சூரியன் வந்த வழியே திரும்பிப் போகும். உன் பழைய பொட்டு மேலயே வரிசையா வுழும் பாரு. பாலிஷ் மிச்சம்!"

விழவில்லை. ஒவ்வொரு நாளும் மேற்கே விலகிக்கொண்டே போனது. ஆடி பிறந்தபோது புது வரிசைக்கும் பழைய வரிசைக்கும் நடுவே நாலு விரல்கடை இடைவெளி. உஸ்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மி, நீ டயத்துக்கு வெக்கல. மொதல்ல லேட்டா வெச்சிருக்க, இல்லன்னா இப்ப சீக்கிரமா வெக்கிற. எங்கியோ டபாய்ச்சிருக்க!"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் ரூக்ஸாருக்கு அது எங்கே குத்தக்கூடாதோ அங்கே குத்தியது. இத்தனை மாதம் ஒழுங்காக இருந்தேன் என்று நினைத்தேனே, அதுவும் பொய்யா? தரையே சொல்கிறதே. மனசுக்குள் பழைய குரல் எழுந்தது: நீ அப்படித்தான், எப்போதும் அப்படித்தான்.

ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு அரைக்க மில் வாசலில் வரிசை நின்ற ஒரு நாள் அலாரம் அடித்தது. அணைத்துவிட்டு அரைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் விரல்கள் நடுங்கத் தொடங்கின. கழுத்தெல்லாம் குளிர்ந்த வேர்வை. எதிரே நின்ற முகங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பெல்ட் எங்கே, பட்டன் எங்கே என்று புரியாத அந்தக் கணத்தில், ஆறு மாதமாக மத்தியானந்தோறும் போய்ப் பழகிய கை தானாகவே போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தியது. அவள் அழுத்தியதாக அவளுக்கு நினைவில்லை. தரையில் சரிந்து உட்கார்ந்து வெல்லக்கட்டியைக் கடித்த பிறகுதான் உலகம் ஒன்றாகச் சேர்ந்தது.

இரவு கணவனிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு. ஏன் வுட்ட?"

"நல்லா போவலீங்க. பொட்டு எடம் மாறி வுழுது. நான் நேரத்துக்கே வெக்கலையாம், உஸ்மா சொல்றா."

"எப்டி மாறுது?"

அவள் கையால் காட்டினாள். அவன் ரொட்டியைப் பிய்த்தபடியே, இதில் என்ன அதிசயம் என்பதுபோலச் சொன்னான்: "அது மாறத்தான் செய்யும். சூரியன் உச்சிக்கு வர்ற நேரம் தினம் ஒண்ணாவா இருக்கு? மாசி மாசத்துல பன்னண்டரை கிட்ட ஆவும். ஐப்பசியில பன்னண்டுக்கு முன்னாடியே வந்துடும். அது தாண்டினாத்தானே மத்தியான லுஹர் தொழணும்! பள்ளிவாசல்ல எல்லாருக்கும் தெரியும்."

உஸ்மாவின் கை தட்டிலேயே நின்றது. "அப்பா, நெஜமாவா?"

"காலேஜ் படிக்கிற, இது தெரியாதா?"

உஸ்மா சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் புத்தகத்தையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அரைமணி கழித்து ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து அம்மாவின் முன் உட்கார்ந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"அம்மி, பூமி சூரியனச் சுத்துற பாத சரியான வட்டம் இல்ல. தை மாசத்துல கொஞ்சம் கிட்ட இருக்கும், அப்ப வேகமா ஓடும். ஆடியில தூரமா இருக்கும், அப்ப மெதுவாப் போவும். அதுவும் இல்லாம பூமி சாஞ்சுக்கினு சுத்துது, இப்டி." எலுமிச்சையைச் சாய்த்து உருட்டினாள். "இது ரெண்டும் சேந்து, சூரியன் சில மாசம் உச்சிக்கு முந்தி வரும், சில மாசம் பிந்தி வரும். கால் மணி நேரம் வரைக்கும் வித்யாசம் வரும். நம்ம கடிகாரம் அதையெல்லாம் சேத்துக் கூட்டி வகுத்த சராசரி. கடிகாரத்துலதான் எல்லா நாளும் ஒண்ணு. வானத்துல இல்ல."

"அப்போ..." ரூக்ஸார் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "லேட்டா வந்தது நான் இல்லியா?"

"நீ கரெக்டா வந்த அம்மி. நீ கரெக்டா வந்ததாலதான் சூரியன் முன்ன பின்ன வர்றதே தரையில வுழுந்துது. நீ டபாய்ச்சிருந்தா இங்க வெறும் கிறுக்கல்தான் இருக்கும்."

ரூக்ஸார் எழுந்து மில்லுக்குள் போய் விளக்கைப் போட்டாள். சிவப்புப் பொட்டுகள் வளைந்து கிடந்தன. இவ்வளவு பெரிய உருண்டை, கடலும் மலையும் கோயிலும் சனங்களுமாக, வேகமெடுத்தும் தளர்ந்தும் ஓடுகிற ஓட்டம். அதன் தடம் இந்தச் சிமெண்ட் தரையில், தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய்கூடப் பெறாத நகப்பாலிஷில். நின்றவாறே வாய்க்குள் அல்லாவின் பெயரைச் சொன்னாள்.

திரும்பி வந்து கணவனிடம் கேட்டாள்: "மில்ல வாடகைக்கு வுட்டுடாதீங்க, தை வரைக்கும் டயம் குடுங்க. அது எங்க போய் முடியுதுன்னு பாத்துடறேன்."

"சரி. தை வரைக்கும்தான்."

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு மிஷின் நின்றது. விட்டுப்போன மூன்று நாள் இடம் வெறுமையாக இருக்க, அதைத் தாண்டி வைத்தாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது வளைவு உடைந்திருக்கவில்லை. கண் அந்த இடைவெளியைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டது. ஆவணியில் ஒருநாள் புதுப் பொட்டு, சித்திரைப் பிறப்பின்போது வைத்த பொட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. மறுவாரம் வரிசையைக் குறுக்கே வெட்டிக் கிழக்கே போனது. ஐப்பசியில் நன்றாக ஒதுங்கி வாசலை நோக்கி வளைந்தது. மழை பிடித்துக்கொண்ட வாரங்களில் வெளிச்சமே இல்லை. அப்போதும் மண்டியிட்டு, இங்கேதான் விழுந்திருக்கும் என்று ஒரு விரலால் தரையைத் தொட்டுவிட்டுச் சாப்பிட்டாள். தீபத்துக்கு ஊர் நிரம்பி வழிந்தபோது தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மில்காரம்மா தரையைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்திருக்கலாம்.

தை வந்தது. பொங்கல் முடிந்த மறுவாரம், குடியரசு தின விடுமுறைக்கு ஜானி பாஷா வீட்டில் இருந்த நாளாகப் பார்த்து, சக்கரவர்த்தி அளவு டேப்போடு வந்து சேர்ந்தான். ரூக்ஸார் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"செக்க இங்க நிறுத்திடலாம் பாய்" என்று சக்கரவர்த்தி தும்மலுக்கு நடுவே கத்தினான். "தரைய பேத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம். எவ்ளோ கறை பாரு."

டேப்பின் ஒரு நுனியை அவன் வாசலில் வைத்தான். மறுநுனியை ஜானி பாஷா பிடித்திருந்தான். அப்போது அலாரம் அடித்தது.

ரூக்ஸார் யாரையும் பார்க்கவில்லை. சிவப்புப் பட்டனை அழுத்தினாள். பெல்ட் தளர்ந்து நின்றது. டேப்பை ஒரு கையால் மெல்ல நகர்த்திவிட்டு மண்டியிட்டாள். கூரையிலிருந்து இறங்கிய கம்பி செம்மிளகாய்த் தூளில் செக்கச்செவேலென்று நின்றது. அதன் அடியில், ஒரு வருடமாக மிதிபட்டுத் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத முதல் பொட்டு. வட்டம் அதன் மேலேயே விழுந்திருந்தது. பாலிஷ் மூடியைத் திறந்து, பழைய பொட்டின் மேல் புதுப் பொட்டை வைத்தாள்.

ஜானி பாஷா மத்தியானங்களில் வேனில் இருப்பவன். மொத்தத்தையும் அவன் நின்று பார்த்தது அன்றுதான். மிஷினிலிருந்து வாசல்வரை, ஒரு ஆள் படுத்திருக்கும் நீளத்தையும் தாண்டி, ஒரு எட்டு கிடந்தது. மிஷின் பக்கம் சின்ன வளையம், வாசல் பக்கம் பெரிய வளையம். யாரும் வரையாத எட்டு.

"நாள் தவறாமயா வெச்ச?"

"தவறியிருக்கேன்." அவள் கையைக் கழுவிக்கொண்டே காட்டினாள். "இங்க மழ. இங்க ஆடி, அந்த மூணு நாள். அப்புறம் திரும்ப வந்துட்டேன்."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள். வாசலில் இரண்டு பேர் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். அவள் நிமிரவில்லை.

ஜானி பாஷா டேப்பின் நுனியை விட்டான். அது சரசரவென்று தரையில் ஓடிச் சக்கரவர்த்தியின் கையில் போய்ச் சுருண்டது.

"வேற எடம் பாருப்பா."

"இன்னா பாய், தைன்னு சொன்னியே?"

"தைதான். பாத்துட்டேன்." பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "கொஞ்சம் இருங்கம்மா, சாப்புடுது" என்றான். அவளிடம் வரும்போது எட்டின் மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு வந்தான்.

அதற்குள் வெளிச்சம் பொட்டைவிட்டு நழுவி, கிழக்கே ஒரு நாணய தூரம் போய்விட்டிருந்தது.