நோவுக்கு ஒரு நல்ல பேர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஓர் இதய டாக்டரிடம் ஈசிஜி எடுக்கும் வேலையிலிருந்த உம்மல் குல்சும் சொன்னது. "அடுத்தவ நகைமேல, புருசன்மேல பொறாமைப்படறவங்களப் பாத்திருக்கேன். நோவுமேல பொறாமைப்பட்டவ ஒருத்திதாங்க" என்றாள். இப்படி ஒரு வரி எனக்கு வாய்க்கவில்லையே என்று அவள்மேல் எனக்கு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி அடித்தவை:

மதிவதனிக்கு முப்பத்தொரு வயதிலேயே சாவு நிச்சயமாகி—

(வேண்டாம். சாகப்போகிறவளாக உள்ளே வந்தால் நீங்கள் அவளைப் பார்த்துப் பரிதாபப்படத் தொடங்கிவிடுவீர்கள். அவளுடைய பொறாமை உங்கள் கண்ணில் படாது.)

1996. பல்லடத்தில் தறிச்சத்தம்—

(தறிச்சத்தம் இல்லாமல் பல்லடத்தைப் பற்றி ஒருவராவது எழுதட்டும்.)

2

செல்லாத்தாளிடமிருந்து தொடங்குகிறேன். அறுபத்திரண்டு வயது. ஆடி மாதம் மாரடைப்பு வந்து, பிழைத்து, வீடு திரும்பினாள். அன்றிலிருந்து வீடு கொள்ளாத சனம். ஆரஞ்சுப் பை, ஹார்லிக்ஸ் பாட்டில். வந்தவர் ஒவ்வொருவரிடமும் அவள் முதலிலிருந்து சொன்னாள்.

"நெஞ்சுமேல அம்மிக்கல்லத் தூக்கி வெச்சாப்பல இருந்துச்சுங்க. முடிஞ்சுதுன்னே நெனச்சுப்போட்டேன்."

"அய்யோ, உங்களுக்கா இப்படி வரோணும்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மருமகள் மதிவதனி சமையலறை வாசலில் நின்று கேட்டாள். அவள் புருசன் மோகன்குமார் துணி லோடோடு வடக்கே போய்வந்தவன். செத்து மூன்று வருசமாகிறது. ஊருக்குக் காமாலை என்று சொன்னார்கள். அவனுக்கிருந்த எச்.ஐ.வி. அவளுக்கும் இருந்தது. மாமியார், மருமகள் இரண்டு பேரையும் உள்ளூர் டாக்டரையும் தவிர அது யாருக்கும் தெரியாது. செல்லாத்தாள் அதை 'அது' என்பாள். அதையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வாள்.

'ஹார்ட்டுங்க' என்றால் தெருவுக்கே கேட்கச் சொல்லலாம். போன தையில் காய்ச்சலோடு பத்து நாள் கிடந்தபோது மதிவதனியை எட்டிப்பார்க்க ஈ காக்கா வரவில்லை. இந்தக் கிழவிக்கு மட்டும் எப்படி இத்தனை நல்ல நோவு வாய்த்தது?

[இந்த வரியை நான் நம்பவில்லை. ஒரு பெண் இப்படியா நினைப்பாள் என்று குல்சுமிடமே கேட்டேன். "வெளிய சொல்ல முடியாத நோவுல நீங்க ஒரு நாளாச்சும் கெடந்திருக்கீங்களா?" என்றாள். வரியை அடிக்காமல் விட்டுவிட்டேன்.]

3

ஐப்பசியில் மதிவதனிக்கு வலி தொடங்கியது. தண்ணிக் குடத்தோடு படியேறினால் நெஞ்சு இறுகும், இடது கை கடுக்கும். உள்ளூர் டாக்டர், "எல்லாம் அதனாலதாம்மா" என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். இன்னொரு டாக்டரிடம் 'அதை'ச் சொல்லாமல் போனாள். "இந்த வயசுப் பொம்பளைக்கு ஹார்ட் வராதும்மா. வாய்வு" என்றார் அவர்.*

(* இந்தக் கிருமி ரத்தக்குழாய்களையும் புண்ணாக்கும், சின்ன வயசுப் பெண்களுக்கும் மாரடைப்பைக் கொண்டுவரும் என்று பல வருசம் கழித்து நான் படித்தேன். கதைக்குள் இருக்கும் யாருக்கும் இது தெரியாது.)

அடுத்த மாதம் மாமியாரைச் செக்கப்புக்கு ஆர்.எஸ்.புரம் டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிவந்தாள். ஈசிஜி அறையில் செல்லாத்தாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, சுவரோரம் நின்ற மதிவதனிக்கு வியர்த்துக் கொட்டியது. குல்சும் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க அக்கா, இப்படிப் படுங்க."

"எனக்கில்லீங்க. அத்தைக்குத்தான் ஹார்ட்டு."

"படுங்க, சொல்றேன்."

படுத்ததும் குல்சுமின் கையைத் தடுத்தாள். "தொடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுங்க." சொன்னாள். செல்லாத்தாள் சட்டென்று கதவைப் பார்த்தாள்.

குல்சும் வெறுங்கையாலேயே நெஞ்சில் ஜெல்லியைத் தடவினாள்.

தாளை வாங்கிப் பார்த்த டாக்டர், "மிஷின்ல கோளாறு. வயசப் பாத்தியா?" என்றார்.

"இப்பத்தானுங்க சார் இதே மிஷின்ல இவங்க அத்தைக்கு எடுத்தேன்."

மதிவதனிக்கு மறுபடி எடுத்த தாளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார்.

"ஹார்ட்டுங்களா?" என்று கேட்டாள் மதிவதனி.

"ஆமாம்மா. அட்டாக்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு—

(உவமை வேண்டாம். சிரித்தாள், அவ்வளவுதான்.)

4

ஒரு தனியார் ஆஸ்பத்திரி விசயத்தைக் கேட்டதும் கட்டில் காலியில்லை என்றது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பதினோரு நாள். செல்லாத்தாள் தினமும் வந்து உட்கார்ந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"எனக்கு நாலே நாள்ல போகச் சொல்லிட்டாங்க. இவளுக்கென்ன பதினோரு நாளு?" என்று பார்க்கப் போன குல்சுமிடம் முறையிட்டாளாம். பிறகு குரல் தாழ்ந்தது. "அறுவது தாண்டி வரவேண்டியதுங்க இது. இவளுக்கு எதுக்குங்க இத்தன அவசரம்?"

மதிவதனி பிழைத்து வீடு திரும்பினாள். குல்சுமுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனிமேல் வருவது நான் எழுதுவது.

5

சனம் வருகிறது. "மருமகளுக்கும் ஹார்ட்டுங்க!" என்று செல்லாத்தாள் வாசலிலேயே சொல்லிவிடுகிறாள். பழம் வருகிறது. "முப்பத்தொரு வயசுலயா கண்ணு!" என்று அழுகிறார்கள். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

ஒரு முடிவில் அவள் கண்ணை மூடி அதை அனுபவிக்கிறாள்.

இன்னொரு முடிவில், மூன்றாம் நாள், அந்த அழுகையின்மேலும் அவளுக்குப் பொறாமை வருகிறது. இவர்கள் ஹார்ட்டுக்காக அழுகிறார்கள், எனக்காக அல்ல. எழுந்து உட்கார்கிறாள். "ஏனுங்க, அது மட்டுமில்லீங்க. எனக்கு—"

செல்லாத்தாள் கதவைச் சாத்த எழுகிறாள்.

அந்த வாக்கியத்தை நான் பத்துத் தடவை முடித்துப் பார்த்தேன். பத்துத் தடவையும் கூடம் காலியானது. என்னால் வேறு மாதிரி எழுத முடியவில்லை.

அதனால் நீங்கள் வாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. "என்ன நோவு அம்மணி?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் எழுந்துவிடாதீர்கள்.