படலைக்கு ஒரு பூட்டு

கடலை அவிப்பதா, மரவள்ளிக்கிழங்கு அவிப்பதா? கடலையென்றால் றோசாவுக்குப் பல்லில்லை. கிழங்கென்றால் சம்பல் இடிக்க வேண்டும், இந்தக் கைக்கு அது ஏலுமா? போன வருசம் கதிரை போதாமல் பாய் விரித்தோமே. ஒரு பிள்ளை செபமாலை முடிய முன்னமே என் மடியில் தூங்கிப்போனது. யாருடைய பிள்ளையோ. என்ன பாரம்! கால் விறைத்தும் நான் அசையவில்லையே.

அல்பொன்சா முற்றத்தைக் கூட்டியபடி இப்படித்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். போகிற வீட்டில் ஓர் இரவு தங்கும். ஊர்ச்சனமெல்லாம் கூட வந்து செபம் சொல்லும். புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் இத்தாலியில். வருசத்தில் அந்த ஒரு மாலைதான் அவள் வீடு நிறையப் பேச்சுச் சத்தம் கேட்கும்.

"அக்கோய், நாயைக் கட்டியிருக்கோ?" என்று வாசலில் றோசா கூப்பிட்டாள்.

"நாய் செத்து ஒரு வருசமாகுது. நீதான் இன்னும் பயப்படுறாய். வா உள்ளுக்கு."

றோசாவுக்குப் பின்னால் எமிலியாவும் வந்தாள். கோயிலில் மரியாயின் சேனை என்கிற செபக்கூட்டத்துக்குத் தலைவி அவள்தான். மாதா எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதை முடிவு செய்கிறவளும் அவளே. உட்கார்ந்ததும் அவள் கண் குசினி வழியாகப் பின்பக்கம் போனது. கிணற்றுக்கு அப்பால் வேலியில் பின்படலை திறந்து கிடந்தது.

"அவ இன்னும் வாறாவோ?"

"ஆரு?"

"என்னோட பகிடி விடாதீங்க அக்கா. அந்தச் சித்தி மரியம்."

"ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு மரியாளை எப்பிடி வெச்சிருக்கிறதெண்டு சனம் கேக்குது," என்று றோசா சிரித்தாள். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

சித்தி மரியம் என்பது அவளுடைய முழுப்பேர், உறவுமுறையல்ல; தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவள். தென்னந்தோட்டத்துக்குப் பின்னால், அவளைப்போல் வந்தவர்களின் குடியிருப்பில் இருக்கிறாள். அங்கே கிணறெல்லாம் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு வருசக்கணக்காக அல்பொன்சாவின் கிணற்றடிக்குத்தான் வருவாள். இந்த ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறு கோயில்களில் குண்டு வெடித்த பிறகு, ஊர் முஸ்லிம் கடைகளுக்குப் போவதை நிறுத்தியது. அல்பொன்சாவும் பயத்தில் பின்படலையைச் சாத்திவிட்டாள். மரியம் கேனோடு வந்து வெளியே நின்றாள்.

"உங்களுக்காக மன்றாடுறன், மரியம்," என்று அல்பொன்சா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள்.

"சரி ராத்தா, துஆச் செய்ங்க," என்றுவிட்டு மரியம் திரும்பிப் போனாள். வெறுங்கேன் அவள் முழங்காலில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அன்று முழுக்க அல்பொன்சாவுக்குத் தான் சொன்ன அந்த ஒரு வார்த்தை வாயில் புளித்துக்கொண்டே இருந்தது. செபிக்கத்தான் செய்தாள், பொய்யில்லை. ஆனால் தண்ணீர் கிணற்றிலேயே கிடந்தது. மறுநாள் விடியப் படலையைத் திறந்தாள். பிறகு சாத்தவில்லை.

ஊரில் யாரும் அல்பொன்சாவோடு சண்டைக்கு வரவில்லை. வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். மரியமும் துணையென்று சொல்ல முடியாது. பயந்தபடி வருவாள், மொண்டு நிரப்புவாள், போய்விடுவாள். 'இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க' என்றால், "வேணாம் ராத்தா, ஒங்களுக்குத்தான் பேச்சு வரும்" என்பாள்.

"வாற வியாழன் மாதா உங்கட வீடு," என்றாள் எமிலியா. "ஆனா அந்தப் படலை திறந்திருந்தா வரமாட்டமெண்டு சனம் சொல்லுது. சுரூபத்தை மட்டும் வெச்சிட்டுப் போகேலுமா? ஒரு பூட்டுப் போடுங்க அக்கா. நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்ல."

"அவ என்ன செய்தவ, எமிலியா?"

"ஒண்டும் செய்யேல்ல. எண்ட தங்கச்சிட மகள் மட்டும் என்ன செய்தவள்? அந்த ஞாயிறு பூசை காணப் போனவள்."

அந்தச் செத்தவீட்டில் எட்டு நாளும் அடுப்படியில் நின்றவள் அல்பொன்சா. எமிலியா அழாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி இருந்ததைக் கண்டவள்.

ஓம் என்று சொல்லிவிட மனம் எவ்வளவு ஆசைப்பட்டது! ஒரு கிழமைக்குத்தானே, மரியம் வேறு கிணறு பார்க்கமாட்டாளா? வீடு நிறையத் தலைகள், இழுத்து இழுத்துப் பாடுகிற கிழவிகள், மடியில் ஒரு பிள்ளையின் சூடு. அப்போதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் இத்தனை நாளும் காத்திருந்தது மாதாவுக்காக அல்ல, சனத்துக்காக. அதில் பாவம் ஒன்றுமில்லை என்று உடனே தன்னையே தேற்றியும் கொண்டாள். தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது விளங்கும். ஆனால் பூட்டைப் போட்டுவிட்டு, அந்தச் சனத்தோடு முழங்காலில் நின்று 'அருள்நிறைந்த மரியே' என்று சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னதைப்போலவா?

"என்னக்கா, பூட்டுப் போடுறீங்களோ?" என்றாள் றோசா.

"எமிலியா, உங்கட துக்கத்துக்கு என்னட்ட மறுமொழி இல்ல," என்றாள் அல்பொன்சா. "பூட்ட மட்டும் என்னால ஏலாது."

"அப்ப வியாழக்கிழமை?"

"என்ர வீட்டை விட்டிட்டு, மாதாவை நேரா உன்ர வீட்டுக்குக் கொண்டு போ, றோசா."

சத்தம் வெளியே வந்ததா என்றுகூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. எமிலியா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்த பிறகுதான், சொன்னது அவர்களுக்குக் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.