ஓட்டையில்லாத பொத்தான்

அன்று காலை டைலர் வெட்டிக்கொண்டிருந்தது கோட்டின் கையையா, கழுத்துப்பட்டையையா என்பது இந்தக் கதையைச் சொல்கிறவனுக்குச் சரியாக நினைவில்லை. மழை பெய்ததாக ஒரு ஞாபகம் இருக்கிறது. அது வேறு நாளாகவும் இருக்கலாம். துணி வெள்ளை என்பதில் மட்டும் சந்தேகமில்லை. எல்லாம் அந்த வெள்ளையால் வந்த வினை.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் தையல் மிஷின், நடுவில் வெட்டுமேசை, சுவரை ஒட்டி அடுக்கடுக்காக வெள்ளைக் கோட்டுகள். எல்லாம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டாக்டர்களுக்கானவை. தைப்பது டைலர், பொத்தான் கட்டுவது அவர் மனைவி. அவள் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நின்றாள்.

"என்னங்க, மாத்திரை."

"வச்சுட்டுப் போயேன்."

"வச்சுட்டுப் போனா மறந்துடுவீங்க. வாயில போடுங்க, பார்த்துட்டுப் போறேன்."

"நான் என்ன பச்சக் குழந்தையா?"

"குழந்தையா இருந்தா சொன்ன பேச்சு கேக்குமே."

அவர் உள்ளங்கையை வாயில் தட்டினார், தண்ணீரைக் குடித்தார். அவள் திருப்தியோடு உள்ளே போனாள். மாத்திரை விரலிடுக்கிலேயே இருந்தது. ஊசியும் குண்டூசியும் பிடித்துப் பழகிய விரல்களுக்கு இது ஒரு வித்தையே இல்லை. குப்பைக்கூடையில் போட்டால் அவள் கண்ணில் படும். எனவே அலமாரியின் மேலிருந்த டப்பாவில் போட்டு மூடினார். மிச்சம் விழும் பொத்தான்களைப் போட்டுவைக்கும் பழைய டப்பா அது; யாரும் தொடுவதில்லை.

இதயத்துடிப்பு தாறுமாறாகிவிட்டது என்று கண்டுபிடித்து, ரத்தம் உறையாமலிருக்க அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். அதன் பிறகு ஊசி குத்தினால் ரத்தம் லேசில் நிற்பதில்லை. ஒருமுறை, முடித்துவைத்த கோட்டின் கழுத்தில் சிவப்பாய் ஒரு பொட்டு விழுந்துவிட்டது. கறை பட்ட துணி அவர் கையிலிருந்து அதுவரை வெளியே போனதில்லை. கழுத்தைப் பிரித்து வேறு துணி வைத்துத் தைத்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைத் துணியில் கைவைக்கும் நாட்களில் மட்டும் மாத்திரையை விட்டுவிடலாம் என்று அன்றே முடிவு செய்தார். அந்த மாதம் எல்லா நாளும் வெள்ளைதான்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தை வீணாக்குவானேன் என்று மனைவி இரண்டு கோட்டுகளையும் ஊசிநூலையும் பையில் திணித்தாள். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பொத்தான் டப்பாவையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் இதயத்தை வரைந்து காட்டினாள்.

"உங்க இதயத்தோட மேலறை ஒழுங்காத் துடிக்காம நடுங்கிட்டிருக்கு. லேசா மின்சாரம் குடுத்து அதைச் சரிப்படுத்தலாம். ஆனா இடது பக்கம் இங்க ஒரு சின்னப் பை இருக்கு பாருங்க. நடுக்கத்துல ரத்தம் இதுக்குள்ள தேங்கிக் கட்டியாகியிருந்தா, மின்சாரம் குடுத்ததும் அது பேர்ந்து மூளைக்குப் போயிடும். பக்கவாதம் வரும். அதனால முதல்ல சி.டி. ஸ்கேன்ல அந்தப் பையைப் பார்த்துடுவோம்."

டைலர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய கோட்டைப் பிரிக்கும்போது பாக்கெட்டை வெளியே இழுத்தால் மூலையில் பஞ்சும் தூசியும் உருண்டு கிடக்கும். கோட்டுக்குச் சொந்தக்காரருக்கே அது தெரிந்திருக்காது.

"மாத்திரை எதையும் விடலையே?"

"விடுறதா! நானே என் கையால குடுக்கறேன் டாக்டரம்மா. ஒரு வேளைகூடத் தப்பல" என்றாள் மனைவி. அவள் குரலில் அவ்வளவு பெருமை.

டைலர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

ஸ்கேன் அறை சில்லென்றிருந்தது. பலகையில் படுக்கவைத்து, கைநரம்பில் ஊசி போட்டார்கள். படத்தில் ரத்தம் பளிச்சென்று தெரிவதற்கான மருந்து உள்ளே போனதும் உடம்பெல்லாம் வெதுவெதுத்தது. பெரிய வளையம் தலைக்கு மேல் சுழன்றது. மூச்சைப் பிடித்தார், விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தபோது ஒலிபெருக்கியில் ஆப்பரேட்டரின் குரல் வந்தது.

"ஐயா, அசையாதீங்க. இன்னொரு படம் எடுக்கணும்."

"ஏன் தம்பி?"

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. அந்த மௌனத்தில் டைலருக்கு டப்பா தெரிந்தது. உள்ளே கிடந்த மாத்திரைகள் தெரிந்தன. வாய் கோணிக் கை தொங்கிப்போய்க் கட்டிலில் கிடக்கும் தானும், 'ஒரு வேளைகூடத் தப்பலியே' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழும் மனைவியும் தெரிந்தார்கள். தப்பு தன்னுடையது என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாமலே போகும். அதை நினைத்ததும் வளையத்துக்குள்ளிருந்தே கத்தினார்.

"தம்பி, நான் மாத்திரை போடல. நெறைய நாள் போடல. டாக்டரம்மாகிட்ட உடனே சொல்லுங்க. எனக்கு மின்சாரம் கிஞ்சாரம் எதுவும் குடுத்துட வேணாம்!"

"சொல்லிடறேன் ஐயா. இப்ப பேசாதீங்க. மூச்சைப் பிடிங்க."

எழுந்து வெளியே வந்தபோது நடைபாதையில் மனைவி நின்றிருந்தாள். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு அவள் தோளில் கிடந்தது. எதிரே டாக்டரம்மா. மனைவியின் உள்ளங்கை நிறைய வெள்ளை வெள்ளையாய் வட்டங்கள்.

"ஓட்டையில்லாத பொத்தானை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா டாக்டரம்மா? ஊசியை எங்க குத்துறதுன்னு தேடித் தேடிப் பார்க்கறேன்!" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவரும் உள்ளேயே சொல்லிட்டாரும்மா" என்றாள் டாக்டரம்மா. "பயப்படாதீங்க. முதல் படத்துல பையோட நுனி கறுப்பாத் தெரிஞ்சது. ஒண்ணு அங்க கட்டி இருக்கணும், இல்ல மருந்து வந்து சேர லேட் ஆகியிருக்கணும். கொஞ்சம் பொறுத்து எடுத்த படத்துல நுனி வரைக்கும் நெறஞ்சிடுச்சு. கட்டி இல்ல."

டைலர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா தொடர்ந்தாள்.

"ஆனா ரத்தம் அங்க ரொம்ப மெதுவாப் போகுது. அதுவே எச்சரிக்கைதான். இன்னிக்கு மின்சாரம் வேணாம். விடாம மாத்திரை போட்டுட்டு வாங்க, மறுபடி பார்த்துட்டுச் செய்யலாம். ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"உங்க கோட்டுல ரத்தம் பட்டுடக் கூடாதுன்னுதாம்மா."

டாக்டரம்மா ஒரு கணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க கோட்டுல ரத்தம் படறது புதுசா? கறையைத் துவைச்சுக்கலாம் ஐயா. ரத்தம் நிக்கலன்னா என்கிட்ட சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு. இந்த மிஷின் உங்க இதயத்துக்குள்ள வரைக்கும் பார்க்கும். நீங்க எதை மறைக்கறீங்கன்னு அதால பார்க்க முடியாது. அதை நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். டாக்டர்கிட்டயும் வீட்டுலயும் மறைக்கற வியாதிதான் ஆளைக் கவுக்கும்."

வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் சாவியைத் திருப்பும்போது மனைவி கேட்டாள்: "நான் திட்டுவேன்னா சொல்லல?"

"இல்ல. நீ நம்பினே பாரு, அதனாலதான்."

சில வாரங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பை சுத்தமாக இருந்தது. மின்சாரம் கொடுத்தார்கள், துடிப்பு ஒழுங்கானது. டைலர் இப்போதும் தைக்கிறார், விரலில் உறை மாட்டிக்கொண்டு. மாத்திரையும் தொடர்கிறது. விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும் என்பது மனைவியின் சட்டம். கோட்டுகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்றில் மட்டும், கழுத்துப்பட்டையின் உள்பக்கம், மாத்திரையை மறுபடி ஆரம்பித்த பிறகு விழுந்த கடுகளவு சிவப்புப் பொட்டு இருக்கிறது. அந்தக் கோட்டை டாக்டரம்மா கேட்டு வாங்கிக்கொண்டாள். அதைத்தான் போட்டுக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கிறாள்.