பர்மாத் தேக்கில் ஓர் உள்நாட்டுக் கதிரை

உரும்பிராயில் தளபாடப் பட்டறை நடத்தும் பிரியந்தினி, கதிரைகளுக்கு விலைகோரிய கேள்விப்பத்திரத்தில் தன் கையாலேயே எழுதித் தனக்குக் குழி தோண்டிக்கொண்டாள். ‘மரவகை’ என்பதற்கு எதிரே, ‘அசல் பர்மாத் தேக்கு’ என்று எழுத்தைப் பெரிதாக்கி எழுதியிருந்தாள். கோப்பாயில் இடிக்கப்பட்ட பழைய வீடொன்றின் கூரை வளைமரங்களை வாங்கி அறுத்தே அவள் மாதிரிக் கதிரையைச் செய்தாள். பர்மாத் தேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் விடுபவர் யாழ்ப்பாணத்தில் உண்டோ?

நெல்லியடியில் புதிதாகக் கட்டப்பட்ட வாசிகசாலைக்கு நானூறு கதிரைகள் தேவைப்பட்டன. கதிரையின் பெறுமதியிற் பாதிக்கு மேல் உள்நாட்டினதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் விண்ணப்பம் தள்ளப்படும். அதுவே நிபந்தனை. அவளுடைய கதிரையிலோ முக்காற்பங்கு பெறுமதி மரத்துக்கே உரியது. இந்த வேலை கைதவறினால், பட்டறையின் ஐந்து தச்சர்களையும் ஆவணியோடு நிறுத்திவிட வேண்டியதுதான்.

போட்டியில் எஞ்சியிருந்தவர் ஆழ்வாப்பிள்ளை ஒருவரே. வெளிநாட்டுக் கதிரைகளைப் பெட்டி பெட்டியாக இறக்கி, களஞ்சியத்தில் வைத்துப் பூட்டி விற்பவர். பர்மாவில் விளைந்த மரம் உள்நாட்டுப் பொருளாகாது என்று அவளுக்கு எதிராக ஆட்சேப மனுக் கொடுத்தவரும் அவரே. கொள்வனவைத் தீர்மானிக்கும் பெறுகை உத்தியோகத்தர் ஸ்ரெல்லா இருவரையும் விசாரணைக்கு அழைத்திருந்தார்.

“பர்மா எந்த மாகாணத்திலை கிடக்குது, தங்கச்சி?” என்று தொடங்கினார் ஆழ்வாப்பிள்ளை. “வடக்கிலையோ, ஊவாவிலையோ?”

“அந்த வளை இஞ்சை வந்து தொண்ணூறு வருசம், அண்ணை. உங்கடை பெட்டி போன மாசம்தானே கப்பலாலை இறங்கினது.”

“கப்பலை நான் காணேல்லை. நான் கொழும்பிலை வாங்கினனான். பற்றுச்சீட்டு இருக்கு.”

ஸ்ரெல்லா நிமிர்ந்தார். “நீங்கள் கோப்பாயிலை வாங்கினதுக்கும் சீட்டு இருக்கோ, பிரியந்தினி?”

“ஓம், மிஸ்.”

கைப்பையைத் திறந்தவளுக்கு அப்பொழுதுதான் பொறி தெரிந்தது. வாங்கிய இடம் கணக்கில் எடுக்கப்பட்டால் அவளுடைய தேக்கு உள்நாட்டுப் பொருளாகும். ஆயின் அவருடைய பெட்டியும் அவ்வாறே ஆகும். விலையோ அவருடையதே குறைவு.

“சீட்டைக் குடும், தங்கச்சி. ஏன் யோசிக்கிறீர்?” ஆழ்வாப்பிள்ளை கதிரையிற் சாய்ந்துகொண்டார். அவளுடைய மாதிரிக் கதிரையில்.

அவள் பையை மூடினாள்.

“மிஸ், என்ரை மரம் வெளிநாட்டு மரம்தான். வாங்கின இடமில்லை, விளைஞ்ச இடம்தான் கணக்கெண்டு உவரே தன்ரை மனுவிலை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்த வரியாலை என்னைத் தள்ளுங்கோ. அதே வரியாலை உவரையும் தள்ளுங்கோ.”

ஸ்ரெல்லா மனுவை இருமுறை வாசித்தார். பின்னர், இரு விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன என்றும், ஒரு மாதத்தில் மீண்டும் விலை கோரப்படும் என்றும் எழுதிக் கையொப்பமிட்டார்.

அலுவலக வாசற் படலையடியில் ஆழ்வாப்பிள்ளை அவளை மறித்தார். “எனக்குமில்லை, உமக்குமில்லை. என்னத்தைக் கண்டீர்?”

பிரியந்தினி கதிரையை லான்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக் கயிற்றை இறுக்கினாள்.

“நான் மரத்தை மாத்தினால் சரி, அண்ணை. வேம்பு உரும்பிராயிலை வளவுக்கு வளவு நிக்குது. உங்கடை கதிரை எந்த வளவிலை காய்க்குது?”

அவர் வழிவிட்டார். அறுத்து அடுக்கிய தேக்கை இனி என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. சந்தி திரும்பும்வரை அதை அவள் முகத்திற் காட்டவில்லை.