நாலாவது மட்டம்

மச்சான் கதவை அறைந்து சாத்தியபோது இளையவனின் வலது கை கதவு நிலையின் மேல் இருந்தது. அவர் பார்த்துத்தான் சாத்தினார்.

துறைத் தலைவரிடம் போகக் கிளம்பியவன் திரும்பி வந்து கணினி முன் உட்கார்ந்தான். இரண்டு நகங்கள் தொங்கின.

"உன் அக்கா முகத்துக்காக இதோட விட்டேன். சாயங்காலம் கூட்டத்துல வாயைத் திறந்தே, பல்லு இருக்காது."

இருவருக்கும் ஒரே அறை, ஒரே கணக்கு. குவார்க் என்னும் கனமான நுண்துகளும் அதன் எதிர்க்குவார்க்கும் ஒன்றையொன்று கவ்விச் சுற்றும். அந்த ஜோடிக்கு ஆற்றல் மட்டங்கள் படிப்படியாக உண்டு. அளந்து தெரிந்த மூன்று மட்டங்களிலிருந்து இடையிலுள்ள இழுவிசையைக் கணித்து, நாலாவதைச் சொல்ல வேண்டும். மச்சான் சொன்ன நாலாவது, சோதனையில் அளந்ததோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. மாலையில் அறிவிப்பு. கட்டுரையில் முதல் பெயர் இளையவனுடையது.

இன்று காலைதான் கண்டுபிடித்தான். அளந்த நாலாவதையும் உள்ளே போட்டே மச்சான் இழுவிசையைக் கணித்திருந்தார்.

"பிள்ளை பிறந்தப்புறம் ஆணா பொண்ணான்னு ஜோசியம் சொல்லிருக்கீங்க மச்சான்."

மச்சான் இரும்பு ஸ்டூலைத் தூக்கினார். அடி தோளில் விழுந்தது. இளையவன் இடது கையால் நாலாவதை நீக்கிவிட்டுக் கணக்கை ஓடவிட்டான்.

"நிறுத்துடா!"

அடுத்த அடி காதில். விசைப்பலகையில் ரத்தம் சொட்டியது. விடை வந்தது. அளந்ததற்கு வெகு கீழே.

ஓங்கிய ஸ்டூல் அந்தரத்தில் நின்றது.

"இவ்வளவு கீழயா?" மச்சானின் குரல் மாறியிருந்தது. "இழுவிசையைக் கொஞ்சம் ஏத்திப் பாரு."

"ஏத்தினா மூணாவது மேல ஓடிடும்."

"குவார்க்கோட எடையை மாத்து."

"முதல் மட்டம் காலை வாரும்."

மச்சான் குனிந்து திரையைப் பார்த்தார். அவர் மூச்சு இளையவனின் கழுத்தில் பட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கணக்குக்காரர்களாக மட்டும் இருந்தார்கள்.

"வேற வழியே இல்லையாடா?"

"இல்ல. தலைவருக்கு அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"நீங்க குனிஞ்சு பார்த்துட்டிருந்தப்போ."

இந்த முறை ஸ்டூல் தலையில் இறங்கியது. இளையவன் நாற்காலியோடு சரிந்தான். ஒரு கண் மட்டும் மூடவில்லை. திரையில் நாலாவது மட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.